மேடம் வரையச் சொன்ன வட்டம்

துவாரகா மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றபோது நான் ஈரப்பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கை முழுக்கப் பால் பிசுபிசுத்தது. ஓய்வு பெற்ற பொம்பளை வீட்டில் சும்மாதானே இருப்பாள் என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறவர்களில் அவளும் ஒருத்தி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கெட்டிக்காரி. நான் ஆயுசில் பாதியைத் தொலைத்த பட்டறையில் இப்போது அவள்தான் இன்ஜினியர்.

“புஷ்பா அக்கா, ஒரு சந்தேகம் கேக்க வந்தனான்” என்று சொல்லி, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையை என் பக்கம் திருப்பினாள். எங்கள் பம்பின் வரைபடம். நான் பென்சிலால் கீறியதைக் கம்பியூட்டரில் ஏற்றிக் கலர் கலராக்கி வைத்திருக்கிறார்கள். பம்பின் தலையில் மேடாகத் தெரிந்த ஒரு சின்ன வட்டத்தில் விரலை வைத்தாள்.

“இந்த வட்டம் என்னத்துக்கு அக்கா? மற்ற எல்லாத்துக்கும் பேர் இருக்கு, இதுக்கு மட்டும் இல்லை. நாங்கள் எல்லாக் கணக்கும் போட்டுப் பாத்தம். இதால ஒரு பிரயோசனமும் இல்லை. இனி வரப்போற சோலார் பம்புகளில இதை எடுத்து விடுவம் எண்டு முடிவெடுத்திருக்கிறம்.”

முடிவெடுத்த பிறகு வந்து கேட்கிற சந்தேகம். எனக்குச் சிரிப்பு வந்தது. “எடு, எடு. ஆனா அதுக்கு முன்ன இந்தக் காய வெட்டித் தா. கதைய நான் சொல்றேன்” என்றேன். பாவம், பிள்ளை அன்றைக்குக் கையெல்லாம் பிசினோடுதான் வீட்டுக்குப் போனது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். கொஞ்சம்தான்.

என் படிப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அப்பாவுக்குக் கண்டி மார்க்கட் பக்கம் அலுமினியப் பாத்திரக் கடை. எனக்குக் கோடு கீறுவதில் பைத்தியம். தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் வகுப்பில் சேர்ந்தேன். பெண் என்று நான் ஒருத்திதான், அதனால் நான் உட்கார்ந்த வாங்கில் எப்போதும் தாராளமாக இடம் இருந்தது. படித்து முடித்து வேலை தேடிப் போன இடத்திலெல்லாம் மரியாதையாக உட்கார வைத்து, டீ கொடுத்து, டைப்பிங் தெரியுமா என்று கேட்டார்கள். கேட்காத ஒரே இடம், குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் இருந்த ஒரு தகரக் கூரைப் பட்டறை.

அங்கே என்னை நேர்முகம் கண்டவர்தான் மர்வா மேடம். நல்ல உயரம், தலையில் இறுக்கிக் கட்டிய மஞ்சள் துணி, காக்கிக் காற்சட்டை, அதில் எண்ணெய்க் கறை. கரீபியன் கடலில் கிரெனடா என்று ஒரு தீவு, அங்கே பிறந்தவர். லண்டனில் இன்ஜினியரிங் படிக்கப் போன இடத்தில் கண்டிக்கார டாக்டர் ஒருவரைப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்துவிட்டார். டாக்டர்தான் பிடித்தார் என்று டாக்டர் சொல்வார். மேடம் அதை ஒத்துக்கொண்டதே இல்லை.

என் கையில் ஓர் உடைந்த வால்வைக் கொடுத்து, “வரை” என்றார். மூன்று பக்கமும் பார்த்து வரைந்து கொடுத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. லேத் ஓட்டுகிற தொழிலாளி குணே பாஸிடம் தாளை நீட்டி, இதை வைத்து அந்தச் சாமானைச் செய்ய முடியுமா என்று கேட்டார். குணே பாஸ் வால்வைக் கண்ணால் கண்டதில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த ஓட்டை எவ்வளவு ஆழம்?” என்றார். உடனே மேடம் உதட்டைக் குவித்து, பல்லிடுக்கால் காற்றை உள்ளே இழுத்து ஒரு சத்தம் போட்டார். ச்ச்ச்ச்ப். வேலை போச்சு என்று நான் பையை எடுத்துவிட்டேன். “கேர்ள், ஒரு கேள்விதான் கேட்டிருக்கான். நாளைக்கு வா” என்றார்.

அந்தச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டுகிறோமே, அது இல்லை இது. அவர்கள் தீவில் அது ஒரு பாஷை. குட்டையாக வந்தால் அளவு பிழை. நீளமாக வந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரொம்ப நீளமாக வந்தால் குணே பாஸ் யாரும் சொல்லாமலே டீக்கடைக்குப் போய்விடுவார். வருசக்கணக்காகக் கேட்டுக் கேட்டு எனக்கும் தொற்றிக்கொண்டது. என் மருமகன் காரைப் பின்னால் எடுக்கும்போது என்னை அறியாமல் வந்துவிடுகிறது, அவர் ஒவ்வொரு தடவையும் டயரை இறங்கிப் பார்க்கிறார்.

மேடத்துக்கு முதல் வியாபாரத்தைத் தேடிக் கொடுத்தது சாதிக்காய். கிரெனடாவில் வீட்டுக்கு வீடு சாதிக்காய் மரமாம். வத்தேகம சந்தையில் ஒரு மூட்டைக்குள் கையை விட்டு, முகர்ந்து பார்த்து, “இது காயல, வெந்திருக்கு” என்று வியாபாரியிடம் சொன்னார். அவர் அடிக்க வரவில்லை, ஆச்சரியம்தான். அந்த மாதமே சாதிக்காயும் கராம்பும் பதமாகக் காய வைக்கிற ஓர் இயந்திரத்தை வரைய ஆரம்பித்தோம். அதை விற்கப் போன இடத்தில்தான் வந்தது வினை. வினைக்குப் பெயர் கிரிக்கெட்.

மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்தவர் என்று தெரிந்தால் போதும், இந்த ஊரில் ஒருத்தனுக்கும் இயந்திரத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றாது. வங்கி மனேஜர் கிரிக்கெட் கேட்பார். மின்சாரக் கந்தோரில் கிரிக்கெட் கேட்பார்கள். மேடத்துக்கோ ஓர் ஓவருக்கு எத்தனை பந்து என்றே தெரியாது. தெல்தெனியவில் பெரிய வாசனைச் சரக்கு வியாபாரி ஒரு ஹாஜியார் இருந்தார், அவர் வாங்கினால் அந்தப் பக்கம் எல்லாரும் வாங்குவார்கள். முதல் தடவை போனபோது அவர் ஆசை ஆசையாகப் பழைய வீரர்களைப் பற்றிக் கேட்க, மேடம் “எனக்குத் தெரியாது” என்று உண்மையைச் சொன்னார். ஹாஜியாரின் முகம் விழுந்தது. இயந்திரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் வழியில் வேனில் வைத்து நான் பாடம் எடுத்தேன். “மேடம், ஒண்ணும் தெரிய வேணாம். யாராவது கேட்டா ஜன்னல் பக்கம் பாருங்க. ஒரு பெருமூச்சு விடுங்க. ‘முன்ன மாதிரி வேகப் பந்து இப்ப எங்க இருக்கு’ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். மிச்சத்த அவங்களே பேசிக்குவாங்க.”

மறு தடவை அப்படியே செய்தார். பெருமூச்சை மட்டும் நான் சொன்னதைவிட இரண்டு மடங்கு நீளமாக விட்டார். ஹாஜியார் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். “சரியாச் சொன்னீங்க மேடம். இப்ப ஈக்கிறது ஒரு பௌலிங்கா” என்று தொடங்கியவர் பகல் சாப்பாடு வரைக்கும் நிறுத்தவில்லை. இயந்திரம் விற்றது. அந்த ஒரே வசனத்தை வைத்து மேடம் கண்டி முழுக்க கிரிக்கெட் மேதையாக உலா வந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் கிண்ணம் கொடுக்க அழைத்து மாலையும் போட்டார்கள். மேடையில் மேடம் ஆகாயத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட, பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் பின் வரிசையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேலை என்று வந்துவிட்டால் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. பழுதான எந்த இயந்திரத்திடமும் அவர் கருவியோடு போனதில்லை. முதலில் ஒரு முக்காலி வேண்டும், ஒரு கோப்பை பிளேன்டீ வேண்டும். இயந்திரத்தை ஓட விட்டு, எதிரில் உட்கார்ந்து, அந்த டீ முடியும் வரைக்கும் கேட்பார். ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. கோப்பையைக் கீழே வைத்த பிறகு புறங்கையால் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஸ்பெனர். அவசரப்பட்டு முதலிலேயே ஸ்பெனரை எடுத்தவனைப் பார்த்து, “அது என்ன சொல்லுதுன்னு கேட்டியா?” என்பார். இங்கே இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மேடம் தமிழைப் படித்தது தேயிலைத் தோட்டத்து லயங்களில், வரிசை வீடுகளில், இருந்த பிள்ளைகளிடம். ஆகவே அவர் தமிழில் எல்லாரும் நீதான். தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரையைப் பார்த்து, “நீ வா, இங்க உக்காரு” என்பார். மரியாதை தெரியாமல் சொல்கிறார் என்று எல்லாரும் மன்னித்துவிடுவார்கள். என்னிடம் கேட்டால், அவருக்கு நன்றாகவே தெரியும்.

வியாபாரம் கால் ஊன்றியதும் தண்ணீர் வேலை தொடங்கியது. ஒரு நாள் வத்தேகமவுக்கு மேலே தோட்டப் பாதையில் வேனில் போய்க்கொண்டிருந்தோம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் பள்ளத்திலிருந்த பீலியில் தண்ணீர் பிடித்து, குடத்தோடு மேட்டு லயத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். மேடம் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஒருத்தியிடமிருந்து குடத்தை வாங்கித் தலையில் வைத்தார். கையை விட்டுவிட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் மேலே போய்ச் சேர்ந்தார். பெண்கள் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். இறங்கி வந்து வேனில் ஏறியவர் சிரிக்கவில்லை. “எங்க அம்மா மலை ஏறிச் சுமந்தது. நான் சுமந்தேன். இது போதும்” என்றார். மறுநாளே என் மேசைக்கு ராம் பம்பு வந்துவிட்டது.

அந்தப் பம்புக்கு மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஓடைத் தண்ணீரைத் தடித்த பைப்பில் சரிவாக ஓட விட வேண்டும். வேகமாக வரும் தண்ணீர் ஒரு வால்வைத் தள்ளி மூடும். போக வழியில்லாமல் முட்டுகிற தண்ணீரில் கொஞ்சம் மெல்லிய பைப் வழியாக மேலே ஏறிவிடும், மிச்சம் ஓடைக்கே வழிந்துவிடும். வால்வு மறுபடி திறக்கும், மறுபடி மூடும். இரவும் பகலும் டொக், டொக் என்று இதே வேலை. பம்பின் தலையில் கவிழ்த்த செம்பு மாதிரி ஒரு கூடு. அதற்குள் காற்று இருக்க வேண்டும், காற்றுதான் அந்த அடியைத் தாங்குகிற மெத்தை. காற்றைத் தண்ணீர் மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டு போய்விடும் என்பதால், கூட்டுக்குக் கீழே முன்பக்கம் ஊசி நுழைகிற மாதிரி ஒரு மூச்சுத் துளை. ஒவ்வோர் அடிக்கும் அது ஒரு துளி தண்ணீரைத் துப்பிவிட்டுக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுக்கும். இவ்வளவுதான் இயந்திரம்.

முதல் பம்பை அந்த வத்தேகமத் தோட்டத்துக்கே இனாமாகக் கொடுத்தோம். பெரிய தொரைக்கு அதில் நம்பிக்கை இல்லை. “சும்மா கொடுக்கிற சாமான் எத்தனை நாளைக்கு?” என்று கேட்டார். கொழும்பிலிருந்து கம்பனிப் பெரியவர்கள் வருவார்கள், அன்றைக்கு மேட்டு லயத்துப் பைப்பில் தண்ணீர் வந்தால் மற்ற டிவிஷன்களுக்கும் அனுமதி, வராவிட்டால் போட்ட பைப்பையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்று பேச்சு. மேடம் சம்மதித்தார். பம்பு ஓடத் தொடங்கியது. மேட்டு லயத்தில் கடைசி வீடான தொங்கல் காம்பராவில் இருந்த லெட்சுமி, கொழுந்து பறிக்கிறவள், வாசல் பைப்பைத் திறந்து குடம் நிறைவதைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்து அழுதாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மேட்டை ஏறியவள் அவள்.

வாரக்கணக்கில் ஒரு குறையும் இல்லை. பிறகு சரஸ்வதி பூசை வந்தது, ஆயுத பூசை வந்தது. அது கழிந்து சில நாளில் பெரிய தொரையிடமிருந்து போன். பம்பு சம்மட்டியால் அடிக்கிற மாதிரிச் சத்தம் போடுகிறது, லயத்தில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது, ஓர் இணைப்பும் விட்டுவிட்டது. கொழும்புக்காரர்கள் இன்றைக்குப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறார்கள், முடிந்தால் பாருங்கள் என்றார். குரலில் கவலையை விட ‘நான் அப்பவே சொன்னேனே’தான் அதிகம்.

விடிந்ததும் விடியாததுமாக வந்த போன் என்பதால் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். ஓடைக்கரையில் பம்பைப் பார்த்ததும் நான் கையெடுத்துக் கும்பிடப் போனேன், அப்படி இருந்தது. வாடிப்போன செவ்வந்தி மாலை, பட்டை பட்டையாக விபூதி, சந்தனம், நடுவில் ரூபாய்க் குற்றி அளவுக்குக் குங்குமம், காலடியில் எலுமிச்சம்பழம். மேடம் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டப் போனார். முக்காலி போட்டு உட்கார்ந்தார். லெட்சுமி வேலைக்குப் போகாமல் பிளேன்டீயோடு வந்து நின்றாள். டங், டங் என்று பம்பு பல்லைக் கடித்தது. மேடம் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டார், அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை.

இணைப்பை மாற்றினோம். வால்வைக் கழற்றிப் பார்த்தோம், சுத்தம். மேலே போய் வடிகட்டியில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. மறுபடி ஓட விட்டால் அதே டங், டங். இவ்வளவும் செய்த நாங்கள் இரண்டு பேரும் ஒன்றை மட்டும் செய்யவில்லை. பூசை செய்த முகத்தில் கை வைக்கவில்லை. மாலையைக்கூட ஒதுக்காமல், கோயிலுக்குள் வேலை செய்கிற மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்தோம். எனக்குப் பயபக்தி. மேடத்துக்கு, அடுத்தவர் சாமியைத் தொடக் கூடாது என்ற மரியாதை.

“கண்ணு பட்டுருச்சு மேடம்” என்றாள் லெட்சுமி. “கீழ் டிவிஷன்காரிங்க வந்து பாத்துட்டுப் போனதிலேர்ந்துதான். மிளகா சுத்திப் போடட்டா?”

“கொஞ்சம் இரு” என்றார் மேடம். ஸ்பெனரின் பிடியால் தலைக் கூட்டை ஒரு தட்டுத் தட்டினார். காற்று இருந்தால் மணி மாதிரிக் கேட்க வேண்டும். நிறைகுடத்தைத் தட்டின மாதிரிக் கேட்டது. “கேர்ள், உள்ள முழுக்கத் தண்ணி. காத்து இல்ல. மூச்சுத் துளை எங்க?”

நான் குனிந்து பார்த்தேன். துளை இருந்த இடத்தில் குங்குமம் இருந்தது.

எனக்கு அப்போதுதான் கண் திறந்தது. அந்தப் பம்பை எத்தனை தடவை வரைந்திருப்பேன். இரண்டு பக்கமும் இரண்டு போல்ட், நடுவில் கொஞ்சம் மேலே தள்ளி ஒரு துளை. தாளில் அது பம்பு. ஓடைக்கரையில் உட்கார வைத்து மாலையைப் போட்டால் அது முகம். இரண்டு கண், நடுவில் பொட்டு வைக்கிற இடத்தில் சரியாக ஒரு புள்ளி. தமிழ்ப் பொம்பளை யாராக இருந்தாலும் விரல் அங்கேதான் போகும்.

“லெட்சுமி, இந்தப் பொட்ட வச்சது யாரு?”

“நான்தாங்க மிஸ். நிக்கவே மாட்டேன்னுச்சு. வைக்க வைக்க அந்த எடத்துல தண்ணி துப்பித் துப்பிக் கரைச்சிருச்சு. பொறவு எங்க அம்மா காலத்துல செய்வாங்களே, அந்த மாதிரி தேன்மெழுக உருட்டி நல்லா அமுக்கி, அதுக்கு மேல வச்சேன். அப்புறம் அசையல.” சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. துளைக்கு அவ்வளவு கச்சிதமாக யாரும் மூடி செய்திருக்க முடியாது.

அதற்குள் பெரிய தொரையும் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். விசயத்தைக் கேட்டதும், “இதுக்கா இவ்வளவு நேரம்? ஒரு துணிய எடுத்துத் துடைச்சுவிடு” என்றார். லெட்சுமி பம்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

“வச்ச பொட்ட அழிக்க விடமாட்டேங்க தொரை. எங்க வாசலுக்குத் தண்ணி தந்தவ. நானே வச்சுட்டு நானே அழிப்பேனா?”

“அப்ப பைப்பக் கழட்ட வேண்டியதுதான். நாளைக்கு மறுபடி பீலிக்கு நட.”

“நடக்கிறேங்க” என்றாள். ஆள் நகரவில்லை. சத்தம் கேட்டு வந்து அவள் பின்னால் நின்ற லயத்துப் பெண்கள் ஒருத்தியும் அவளை இழுக்கவில்லை. அத்தனை பேருக்கும் அந்த மேடு தெரியும்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் என்று கேட்டார். நான் சொன்னேன். எங்களில் ஒரு பொம்பளையின் பொட்டை அழிக்கிறது அவள் புருசன் போன அன்றைக்குத்தான். லெட்சுமிக்கு அது பம்பு இல்லை, வீட்டுக்கு வந்த மகாலட்சுமி, அதன் நெற்றியை வெறுமையாகப் பார்க்க அவளுக்கு மனசு வராது. டாக்டர் தவறிப்போய் அப்போது ஒரு வருசம்கூட ஆகவில்லை. மேடம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

பிறகு லெட்சுமியிடம் போய், பக்கத்தில் குந்தினார். “நீ சொல்லு. அழிக்க வேணாம். இது மூச்சு விடணும். பொட்டு வேற எங்க வைக்கலாம்?”

லெட்சுமி யோசித்தாள். பம்பைத் தள்ளி நின்று பார்த்தாள், கிட்ட வந்து பார்த்தாள், பெண் பார்க்க வந்தவள் தோற்றாள். கடைசியில் தலைக் கூட்டைத் தொட்டு, “இதுதான் நெத்தின்னு வச்சுக்கலாம்” என்றாள். “ஆனா மொதல்ல இங்க புதுப் பொட்ட வச்சிருவேன். அதுக்குப் பொறவுதான் பழச எடுக்கணும். ஒரு நிமிசம்கூட வெறும் நெத்தியா இருக்கக் கூடாது.”

“சரி. முதல்ல புதுசு. அப்புறம் பழசு” என்றார் மேடம், ஒரு செய்முறையைக் குறித்துக்கொள்கிற மாதிரி.

குங்குமச் சிமிழ் லயத்திலிருந்து வந்தது. லெட்சுமி கையைக் கழுவி, மோதிர விரலால் கூட்டின் முன்பக்கம் புதுப் பொட்டு வைத்தாள். பிறகு தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி மேடத்திடம் நீட்டினாள். தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் ஊக்கின் முனையால் மெழுகைக் கிளறி எடுத்தார். கடைசித் துணுக்கு வந்ததும் உள்ளே அடைபட்டிருந்த தண்ணீர் பீச்சி நேராக அவர் மூக்கில் அடித்தது, குங்குமக் கலரில். பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மேடம் துடைத்துக்கொள்ளவில்லை. கூட்டைத் திறந்து தண்ணீரை வடித்து, காற்று நிரம்ப விட்டு, மூடி, வால்வைக் காலால் ஒரு மிதி மிதித்தார். டொக். டொக். பழைய டொக்.

முக்காலியை இழுத்துப் போட்டு, ஆறிப்போன மிச்ச டீயை எடுத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

கொழும்புக்காரர்கள் வந்தபோது லெட்சுமி வாசலில் பைப் நிறையத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் என்ன பழுது என்று அவர்களில் மூத்தவர் கேட்டார். “சுவாசத்தில் ஒரு தடங்கல். குடும்பத்தோடு கலந்து பேசிச் சரி செய்தோம்” என்றார் மேடம் இங்கிலீஷில், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். பெரிய தொரை தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூத்தவர் மூக்கில் சிவப்போடு நின்ற மேடத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்கள் மேற்கிந்தியத் தீவுகளா?” என்றார். மேடம் என்னை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார். மலைப்பக்கம் திரும்பினார். பெருமூச்சு விட்டார். அன்றைக்கு மற்ற டிவிஷன்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கிடைத்தது.

திங்கட்கிழமை மேடம் என் மேசைக்கு வந்து, மூச்சுத் துளையை யார் கண்ணுக்கும் படாமல் அடிப்பக்கம் கொண்டு போகச் சொன்னார். கொண்டு போனேன். பிறகு தலைக் கூட்டின் முன்பக்கம் மேடாக, வழுவழுப்பாக ஒரு வட்டம் வரை என்றார். “துளையத்தான் மாத்திட்டோமே, இது எதுக்கு மேடம்?” என்று நானும் கேட்டேன். துவாரகா கேட்ட அதே கேள்வி. “இடம் குடுக்காட்டி அவங்களே ஒரு இடம் எடுப்பாங்க கேர்ள். அது எந்த இடம்னு எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது” என்றார். அதற்கு என்ன பெயர் எழுத என்று கேட்டதற்கு, ச்ச்ச்ப் என்று குட்டையாக ஒன்று. பெயர் இல்லாமலே விட்டுவிட்டேன். அளவு வேண்டுமே என்றேன். அதற்காகவே வேனை எடுத்துக்கொண்டு மறுபடி மேட்டு லயத்துக்குப் போனார். லெட்சுமியின் மோதிர விரலை, இரும்புத் தண்டை அளக்கிற கலிப்பரால் அளந்துகொண்டு வந்தார். லெட்சுமி அதற்குப் பிறகு வருகிறவர்களிடமெல்லாம் அந்த விரலை நீட்டிக் காட்டுவாளாம்.

எத்தனையோ தோட்டத்துக்கு அந்தப் பம்பு போயிருக்கிறது. எல்லாவற்றிலும் அந்த வட்டம் சிவந்துதான் இருக்கும். மேடம் தனக்குப் பிறகு பட்டறையை ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்துவிட்டு, கடைசி வரைக்கும் என்னைக் கேர்ள் என்று கூப்பிட்டுவிட்டு, போய்ச் சேர்ந்தார். அறுபது வயசுக்காரியை இனி யார் அப்படிக் கூப்பிடப் போகிறார்கள். அந்தக் குரல் இல்லாதது எனக்கு இன்னும் பழகவில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு துவாரகா ஈரப்பலாக்காய்ச் சட்டியை என் பக்கம் தள்ளினாள். “நல்ல கதை அக்கா” என்றாள். “ஆனா சோலார் பம்புக்கு அந்தத் துளையே இல்லையே. வட்டம் தேவைப்படாது.” நியாயமான பேச்சு. கறிக்குத் தேங்காய்ப்பால் விட்டு, மஞ்சள் போட்டு வைத்துக் கொடுத்தனுப்பினேன். கிரெனடாவிலும் இப்படித்தான் சமைப்பார்களாம், மேடம் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் ஆயுத பூசை. அது கழிந்த இரண்டாம் நாள் துவாரகாவிடமிருந்து போன். தெல்தெனியப் பக்கம் ஒரு தோட்டத்தில் நிற்கிறாள். புதுச் சோலார் பம்பு ஓடவில்லை. வெயில் கொளுத்துகிறதாம், பேனல் சரியாம், வயர் சரியாம்.

“அக்கா, வெளிச்சம் இருக்கோ எண்டு பாக்கிறதுக்குப் பெட்டியில சின்னதா ஒரு கண்ணாடி வச்சிருக்கிறம். அதுக்கு மேல பொட்டு வச்சிருக்கினம். பம்பு இருட்டெண்டு நினைச்சுப் படுத்திட்டுது. துடைக்கப் போனன், ஒரு அம்மா முன்னால வந்து நிண்டுகொண்டு விடமாட்டன் எண்டுறா. என்ன செய்யிறது?”

எனக்கு வந்தது ச்ச்ச்ச்ச்ப்தான். ரொம்ப நீளமானது. குணே பாஸ் இருந்திருந்தால் டீக்கடைக்குப் போயிருப்பார்.

“மொதல்ல அவங்களுக்குப் புதுப் பொட்டு வைக்க ஒரு எடம் காட்டு. அவங்க வச்சு முடிச்ச பொறவு பழச எடு. துணி வேணாம், ஊக்கு ஒண்ணு அவங்ககிட்டயே இருக்கும், கேளு.”

போனை வெட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பெண்கள் பேசுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், கொஞ்ச நேரத்தில் பைப்பில் தண்ணீர் விழுகிற சத்தம். துவாரகா மெதுவாகத் தொண்டையைச் செருமினாள்.

“அக்கா, அந்த வட்டத்தின்ர விட்டம் எவ்வளவு?”

“லெட்சுமியோட மோதிர விரல்.”

“மில்லிமீட்டரில சொல்லுங்கோ.”

“அது அந்தத் தோட்டத்து அளவு. உன் முன்னால ஒரு அம்மா நிக்கிறாங்கல்ல, அவங்க விரல அள.”